அடித்தளம் அசையக் கூடாது, இரண்டு மூன்று மென்பொருள் மட்டும் புதிதாக வேண்டும்: எந்த டிஸ்ட்ரோ?

#1 வெண்ணிலவன்

வணக்கம். வேலைக்கு இருப்பது ஒரே ஒரு லேப்டாப். பைத்தானில் நிரல் எழுதுகிறேன், அவ்வப்போது கேடென்லைவில் வீடியோ தொகுக்கிறேன், மற்றபடி பிரவுசர்தான். இப்போது போட்டிருப்பது நீண்டகால ஆதரவு தரும் ஒரு எல்டிஎஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு). பெரிய குறை இல்லை. ஆனால் கேடென்லைவ் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. புதியதைத் தேடிப் போனால் டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்று ஒரே மென்பொருள் நாலு உருவத்தில் வந்து நிற்கிறது.

ஒரு நண்பர் "ஆர்ச்சுக்கு வந்துவிடு, எல்லாம் புதிதாகக் கிடைக்கும்" என்கிறார். இன்னொருவர் "டெபியனைத் தவிர எதையும் தொடாதே" என்கிறார். எனக்கு வேண்டியது இதுதான்: ஒரு வேலையின் நடுவே சிஸ்டம் மாறக் கூடாது, அதே சமயம் இரண்டு மூன்று மென்பொருள் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா?

#2 முனையவாசி

நடக்கும். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளிலிருந்தே தொடங்குங்கள்.

டெபியன் என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு வெளியீடு. வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே புதிய பதிப்புகளை உள்ளே விடாமல் உறையவைத்து, பிழைகளை மட்டும் திருத்துவார்கள். 13-ஆம் பதிப்பு டிரிக்ஸி 2025 ஆகஸ்ட் 9-இல் வந்தது. அதிலிருக்கும் கெர்னல் 6.12, பைத்தான் 3.13. அடுத்த வெளியீடு வரும்வரை அதே வரிசைதான் இருக்கும். மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதற்குமேல் இரண்டு ஆண்டு எல்டிஎஸ்.

பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்தால் புதிய பதிப்பைத் தூக்கிவந்து போட மாட்டார்கள். அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் பொருத்தித் தருவார்கள். அதனால் நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் நேற்று எப்படி ஓடியதோ நாளையும் அப்படியே ஓடும். பிரவுசர் மட்டும் விலக்கு. ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரைப் பழைய பதிப்பிலேயே ஒட்டுப்போட்டுக் காப்பது நடக்காத காரியம் என்பதால், அது ஸ்டேபிளுக்குள்ளேயே அடுத்தடுத்த இஎஸ்ஆருக்கு நகரும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெளியீட்டு நாளில் உள்ளே இருந்த சில்லறைப் பிழைகளும் சேர்ந்து உறைந்துவிடும். தொங்கிப் போகாத சிஸ்டம் என்று டெபியன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நடத்தை மாறாத சிஸ்டம் என்பதுதான் அது தருவது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து வருபவர்கள்தான் மூன்றாம் மாதம் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

#3 உருளும்கல்

முனையவாசி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஆர்ச் மாதிரி, தனி வெளியீடு இல்லாமல் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும் ரோலிங் டிஸ்ட்ரோ என்றாலே தினமும் உடையும் என்ற பேச்சு இந்த இழையிலும் வரப்போகிறது, அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஆர்ச்சில் உடைவதில் பெரும்பகுதி ஒரே பழக்கத்தால் வருவது: பாதி அப்டேட். பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு, மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் செய்யாமல், தேவையான ஒன்றை மட்டும் நிறுவுவது. ஏன் உடைகிறது என்று பாருங்கள். ஐசியு மாதிரி ஒரு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு) புதிய பதிப்புக்குப் போகும்போது அதன் கோப்புப் பெயரில் இருக்கும் எண்ணும் மாறும். அதை நம்பியிருக்கும் எல்லா பேக்கேஜையும் பராமரிப்பாளர்கள் மறுபடி கட்டி ஒரே நேரத்தில் ரெப்போவில் (டிஸ்ட்ரோவின் மென்பொருள் கிடங்கில்) விடுவார்கள். நீங்கள் ஒன்றை மட்டும் இழுத்தால் அதனோடு புது லைப்ரரி வந்து உட்காரும், பழையது போய்விடும், மற்ற நிரல்கள் தங்கள் பழைய எண்ணைத் தேடித் திறக்கவே மாட்டாது. ஆர்ச் விக்கியில் இது ஆதரிக்கப்படாத முறை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

அப்டேட்டுக்கு முன் முகப்புப் பக்கச் செய்திகளைப் பார்ப்பது, எப்போதும் முழுசாக அப்டேட் செய்வது. இவை இரண்டும் கைவந்தவருக்கு ஆர்ச் தொல்லை தராது. மாற்றம் சிறிது சிறிதாக வரும், எது உடைத்தது என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஸ்டேபிளில் இரண்டு ஆண்டு மாற்றம் ஒரே ராத்திரியில் வந்து இறங்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் வெண்ணிலவன், நீங்கள் கேட்ட முதல் நிபந்தனைக்கு ஆர்ச் பொருந்தாது. வேலையின் நடுவே மாறக் கூடாது என்றால் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டும். ரோலிங்கில் நெடுநாள் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

#4 வெண்ணிலவன்

அப்படியானால் டெபியன் டெஸ்டிங் எப்படி? அதுதான் இரண்டுக்கும் நடுவில் இருப்பது மாதிரித் தெரிகிறதே.

#5 முனையவாசி

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேண்டாம்.

பேக்கேஜ் முதலில் சிட் என்ற அன்ஸ்டேபிள் கிளையில் ஏறும். சில நாள் அங்கே இருந்து, பெரிய பிழை எதுவும் பதிவாகாவிட்டால் டெஸ்டிங்குக்கு வரும். திருத்தமும் இதே வழியில்தான் வர வேண்டும். அதாவது உடைந்த பேக்கேஜ் டெஸ்டிங்கில் நுழைந்துவிட்டால் அதைச் சரிசெய்யும் பதிப்பும் வரிசையில் காத்திருக்கும். சிட்டில் இருப்பவனுக்குத் திருத்தம் உங்களுக்கு முன்பே கிடைத்துவிடும். 2024-இல் 32 பிட் கணினிகளில் 2038-இல் நேரக் கணக்கு நிரம்பிவழியும் சிக்கலுக்காக ஏராளமான லைப்ரரிகளைப் பெயர் மாற்றி மறுபடி கட்டினார்களே, அப்போது வாரக்கணக்கில் சிட்டும் டெஸ்டிங்கும் குழம்பிக் கிடந்தன. டெஸ்டிங் அடுத்த ஸ்டேபிளைச் சமைக்கும் இடம். அங்கே குடியிருக்கப் போகக் கூடாது.

#6 சாம்பல்பூனை

யாரும் ஃபெடோராவைப் பற்றிப் பேசக் காணோம். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. டெஸ்க்டாப் சூழல் வெளியீட்டுக்கு வெளியீடுதான் பெரிதாக மாறும், கெர்னல் மட்டும் நடுவிலேயே புதியதாக வந்துகொண்டிருக்கும். புதிய லேப்டாப் வாங்கியவர்களுக்கு இது வசதி.

ஆனால் வீடியோ வேலை என்றதும் ஒரு விஷயம். காப்புரிமைச் சிக்கலால் 2022-இலிருந்து ஃபெடோரா தன் மெசா (கிராபிக்ஸ் டிரைவர்) பேக்கேஜில் எச்.264 போன்ற வீடியோ வடிவங்களின் வன்பொருள் டிகோடிங்கை எடுத்துவிட்டது. முழு கோடெக்குகளுக்கு ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளி ரெப்போவைச் சேர்க்க வேண்டும். அது நல்ல ரெப்போ, குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு ரெப்போவும் ஒரே வேகத்தில் நகராத நாட்களில் ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப் "முரண்" என்று அப்டேட்டை நிறுத்தும். ஓரிரு நாளில் தானாகத் தீரும். பதறிப்போய் அது கேட்கும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டு பேக்கேஜை நீக்காமல் இருந்தால் சரி.

என் சொந்த ஓட்டு ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்கு. ரோலிங்தான், ஆனால் பேக்கேஜ்களைத் தனித்தனியாக விடாமல் மொத்தமாக ஒரு ஸ்னாப்ஷாட் கட்டி, ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையில் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியிடுகிறார்கள். சோதனையே நிறுவலில் தொடங்கி, திரையில் வருவது சரியா என்பதுவரை பார்க்கும். அதையும் மீறி உடைந்தால், அப்டேட்டுக்கு முன்பே ஸ்னாப்பர் என்ற கருவி பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் சிஸ்டத்தின் ஒரு படம் எடுத்து வைத்திருக்கும். பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் ரோல்பேக் செய்தால் முடிந்தது. ஹோம் கோப்புறை அதில் சேராது, எனவே உங்கள் கோப்புகள் பின்னோக்கிப் போகா.

#7 முனையவாசி

சோதனை, ஸ்னாப்ஷாட் எல்லாம் சரி சாம்பல்பூனை. 2024 மார்ச் 29 நினைவிருக்கிறதா? எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் எடுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்ததால்தான் வெளியே வந்தது. அந்த நேரத்தில் அந்தப் பதிப்பு எங்கெல்லாம் ஏறியிருந்தது? டெபியன் டெஸ்டிங், ஃபெடோராவின் சோதனைக் கிளையான ராஹைட், டம்பிள்வீட், ஆர்ச். டெபியன் ஸ்டேபிளில் 5.4 வரிசைதான் இருந்தது, அங்கே யாரும் தூக்கம் கெடவில்லை. எந்தத் தானியங்கிச் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. காலம்தான் பிடித்தது.

#8 உருளும்கல்

அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள் ஐயா.

அந்தப் பின்கதவு எஸ்எஸ்ஹெச்சுக்குள் எப்படி நுழைந்தது? மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு அறிவிப்பு அனுப்புவதற்காகத் தாங்களாக ஓர் ஒட்டுப் போட்டு எஸ்எஸ்ஹெச்சை சிஸ்டம்டி லைப்ரரியோடு இணைத்தன. அந்த லைப்ரரி வழியாக எக்ஸ்இசட்டின் லைப்ரரியும் ஏறிக்கொண்டது. பின்கதவின் பில்டு ஸ்கிரிப்டும் டெப் அல்லது (ஃபெடோரா வகை) ஆர்பிஎம் பேக்கேஜ் கட்டப்படுகிறதா என்று பார்த்துத்தான் இயங்கியது. ஆர்ச்சில் அந்தப் பதிப்பு இருந்தும் அதன் எஸ்எஸ்ஹெச் இணைக்கப்படவில்லை.

2008-இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) விவகாரமும் அதே வகை. 2006-இல் டெபியனில் போட்ட ஒட்டு ரேண்டம் எண் மூலத்தையே வெட்டிவிட்டது. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும், அதாவது ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 சாத்தியங்கள்தான். இரண்டு ஆண்டு அது "நிலையாக" இருந்தது.

#9 கட்டுமானி

இரண்டு பேரும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நான் சில பேக்கேஜ்களைப் பராமரிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வெண்ணிலவன் கேட்ட நாலு உருவக் கேள்விக்கும் இதுவே பதில்.

டெப், ஆர்பிஎம் என்றால் மென்பொருளை எழுதியவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பராமரிப்பாளர் நிற்கிறார். ஒரு லைப்ரரியில் ஓட்டை என்றால் அந்த ஒன்றைத் திருத்தினால் போதும், அதை நம்பியிருக்கும் நூறு நிரலும் சரியாகிவிடும். இதன் மதிப்பு வெளியே தெரியாது. அதே பராமரிப்பாளர் உங்களுக்குப் பிடிக்காத முடிவும் எடுக்கலாம். 2024-இல் கடவுச்சொல் மேலாளரான கீபாஸ்எக்ஸ்சியின் டெபியன் பேக்கேஜை பிரவுசர் இணைப்பு போன்ற வசதிகள் இல்லாமல் சிட்டில் கட்டினார்கள். முழு வசதி வேண்டுமானால் வேறு பெயரில் தனி பேக்கேஜ். அப்டேட் செய்தவர்கள் வசதி காணாமல் போனதும் மென்பொருளை எழுதியவர்களிடம் போய்ப் புகார் சொன்னார்கள். அவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். தாக்குதல் பரப்பைக் குறைக்க வேண்டும் என்ற பராமரிப்பாளரின் வாதத்திலும் அர்த்தம் இல்லாமல் இல்லை.

ஃபிளாட்பேக் அந்த நடுவரைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. அடியில் ரன்டைம் என்ற பொது லைப்ரரித் தொகுப்பு, அதன்மேல் ஆப்பும் அதற்கான கூடுதல் லைப்ரரிகளும். ஃபிரீடெஸ்க்டாப் ரன்டைம் ஆண்டுக்கு ஒன்று வரும், இரண்டு ஆண்டு ஆதரவு. உங்கள் டிஸ்ட்ரோவின் வயதுக்கும் ஆப்பின் பதிப்புக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. உங்கள் தேவைக்கு இதுதான் சாவி. ஆனால் ஆப்போடு கூடவே கட்டிவரும் லைப்ரரிகளில் ஓட்டை என்றால் ஒவ்வோர் ஆப்பையும் கட்டியவர்தான் திருத்த வேண்டும். சிலர் அன்றே செய்வார்கள், சிலர் ரன்டைம் காலாவதியான பிறகும் அப்படியே விட்டுவைப்பார்கள்.

2025 பிப்ரவரியில் திரைப்பதிவு மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவை வைத்து நடந்த சண்டையில் எல்லாமே வெளியே வந்தது. ஃபெடோரா தன் சொந்த ஃபிளாட்பேக் ரெப்போவில் ஓபிஎஸ்ஸைத் தானே கட்டி வைத்திருந்தது. அதில் பிழைகள். பயனர்கள் அதை அதிகாரப்பூர்வப் பதிப்பு என்று நம்பி ஓபிஎஸ் குழுவிடம் புகார் சொன்னார்கள். வழக்குவரை போகும் என்று ஓபிஎஸ் குழு எச்சரித்தபின் ஃபெடோரா அதை நீக்கியது. ஆனால் ஃபிளாட்பேக்குகளின் பொதுக் கிடங்கான ஃபிளாட்ஹப்பில் இருந்த அதிகாரப்பூர்வ ஓபிஎஸ்ஸும் அப்போது ஆதரவு முடிந்த ஒரு ரன்டைமில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதிய கியூட்டி (ஜன்னல், பொத்தான்களை வரையும் லைப்ரரி) பதிப்பில் தங்களுக்குச் சிக்கல் இருந்ததால் வேண்டுமென்றே அங்கேயே நின்றார்கள். யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால் ஓபிஎஸ் பக்கம். தன் மென்பொருள் எந்த கியூட்டியில் ஒழுங்காக ஓடும் என்று எழுதியவனுக்குத்தான் தெரியும். என்னோடு பராமரிக்கும் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துவைக்கும் சாண்ட்பாக்ஸ் இருக்கிறதே என்று கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். ஹோம் கோப்புறை முழுவதையும் திறந்துவைக்கும் அனுமதியோடு வரும் ஆப்கள் நிறைய. நிறுவும் முன் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள், பிறகு ஃபிளாட்சீல் என்ற கருவியில் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்னாப்பும் இதே எண்ணம்தான். சர்வர் நிரல்களுக்கும் பொருந்தும் என்பது அதன் பலம். ஸ்னாப் கடையை இயக்கும் சர்வரின் மூலநிரல் வெளியே கிடைக்காது, ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது பலருக்கு உறுத்தல். லினக்ஸ் மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலேயே பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாக, ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டி உள்ளே வருவதைத் தடுத்துவிட்டது.

ஆப்இமேஜ் ஒரே கோப்பு. இறக்கி, இயங்கும் அனுமதி கொடுத்து ஓட்டலாம். ஒரு பதிப்பை முயன்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. தானாக அப்டேட் ஆகாது, சாண்ட்பாக்ஸும் கிடையாது. பழைய முறையில் கட்டியவற்றுக்கு ஃபியூஸ் 2 லைப்ரரி வேண்டும், உபுண்டு 22.04-இலிருந்து அது முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை. கட்டியவர் தன் கணினியிலிருந்த புதிய ஜிலிப்சியில் (அடிப்படை சி லைப்ரரி) கட்டிவிட்டால் உங்கள் பழைய சிஸ்டத்தில் "ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும்.

#10 சாம்பல்பூனை

ஸ்னாப் ஒரு நாளைக்கு நாலு முறை தானாக அப்டேட் தேடுமே, வேலை நடுவில் மாறக் கூடாது என்பவருக்கு அது ஒத்துவருமா?

#11 கட்டுமானி

நிறுத்தி வைக்கலாம். ரெஃப்ரெஷ் கட்டளையில் ஹோல்ட் போட்டால் குறிப்பிட்ட காலத்துக்கோ, நிரந்தரமாகவோ நிற்கும். முந்தைய ரிவிஷனும் கணினியிலேயே இருக்கும் என்பதால் ரிவர்ட் செய்வதும் சுலபம். இந்த ஒன்றில் ஸ்னாப் நன்றாகவே இருக்கிறது.

#12 மாறாவேடன்

இத்தனை பேசியும் மாறாத அடித்தளம் கொண்டவற்றை யாரும் தொடவில்லையே! ஃபெடோரா சில்வர்புளூவில் அடிப்படை சிஸ்டம் முழுவதும் ஒரே படிமம், படிக்க மட்டும். அப்டேட் என்றால் அடுத்த படிமம் பக்கத்தில் தயாராகும், ரீபூட்டில் அதற்கு மாறும், பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். ஆப்கள் ஃபிளாட்பேக்கில், நிரல் எழுதும் கருவிகள் டூல்பாக்ஸ் கன்டெய்னரில் (அடித்தளத்திலிருந்து பிரிந்த தனிச் சூழலில்). ஸ்டீம் டெக்கின் ஸ்டீம்ஓஎஸ்ஸும் இந்த வகைதான். அடியில் இருப்பது ஆர்ச் என்பது பயன்படுத்துபவர் பலருக்குத் தெரியாது. அப்படியிருந்தும் உடையாமல் ஓடுகிறது என்றால், ரோலிங்கா ஸ்டேபிளா என்ற கேள்வியே பாதி தவறு.

நிக்ஸ்ஓஎஸ் இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு பேக்கேஜும் தன் ஹேஷ் (கணக்கிட்டுப் பெற்ற அடையாளக் குறி) பெயரில் தனி அடைவில் உட்காரும். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பு அடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் பூட் மெனுவில் ஒரு தலைமுறை. ஆனால் இணையத்திலிருந்து இறக்கிய சாதாரண பைனரி அங்கே நேரடியாக ஓடாது, வழக்கமான இடத்தில் லைப்ரரிகள் இல்லாததால். பைத்தானில் சி லைப்ரரியோடு வரும் வீல்கள் (முன்கூட்டியே கட்டிய பேக்கேஜ்கள்) இதில்தான் மாட்டும். வெண்ணிலவனுக்கு இப்போது பரிந்துரைக்க மாட்டேன்.

#13 உருளும்கல்

மாறாவேடன் சொன்னதை ஏற்கிறேன். ஆர்ச் பக்கத்திலிருந்து நானே ஒன்று சேர்த்துவிடுகிறேன், பிறகு முனையவாசி சொல்ல வேண்டாம்: ஏயூஆர் என்ற பயனர் கிடங்கு ஆர்ச்சின் அதிகாரப்பூர்வ ரெப்போ இல்லை. யார் வேண்டுமானாலும் பில்டு ஸ்கிரிப்ட் ஏற்றலாம். 2025 ஜூலையில் பிரவுசர் பெயர் மாதிரியே பெயர் வைத்த மூன்று பேக்கேஜ்களில் தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றும் நிரல் வந்தது. 16-ஆம் தேதி ஏறி 18-இல் நீக்கப்பட்டது. பேக்கேஜ்பில்ட் என்ற அந்த ஸ்கிரிப்டைப் படிக்காமல் ஏயூஆர் ஹெல்பரில் எல்லாவற்றுக்கும் என்டர் தட்டுபவர்கள் ஆர்ச்சைப் போடாதீர்கள்.

#14 முனையவாசி

சொல்லத்தான் வந்தேன், முந்திவிட்டீர்கள். உபுண்டுவில் தனிநபர்கள் வைக்கும் வெளி ரெப்போவான பிபிஏவுக்கும் அதே பேச்சு பொருந்தும். ஐந்தாறு பிபிஏ சேர்த்து, டிஸ்ட்ரோவின் லைப்ரரிகளுக்கு மேலே உயர்ந்த பதிப்புகளைப் போட்டுவிட்டு, அடுத்த எல்டிஎஸ்ஸுக்குப் போகும்போது மேம்படுத்தல் நின்றுபோகிறது என்பார்கள். 2021 நவம்பரில் ஒரு பிரபல யூடியூபர் பாப்ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப்போய் டெஸ்க்டாப்பே நீங்கியது எல்லாருக்கும் தெரியும். பேக்கேஜ் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது ஆப்ட் கண்ட வழி அது. எதை நீக்கப்போகிறேன் என்று பட்டியலும் போட்டது, உறுதிமொழி வாக்கியத்தை முழுசாகத் தட்டச்சு செய்யவும் சொன்னது. பட்டியலைப் படிக்கும் பழக்கம்தான் முக்கியம்.

#15 வெண்ணிலவன்

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: டெபியன் 13, கேடென்லைவ் மட்டும் ஃபிளாட்ஹப்பிலிருந்து. இன்னும் சில சந்தேகம். விஎஸ் கோடையும் ஃபிளாட்பேக்கிலேயே போடலாமா? பைத்தான் 3.13-க்கு மேல் தேவைப்பட்டால்? கிராபிக்ஸ் என்விடியா, டிரைவரை டெபியன் ரெப்போவிலிருந்தே எடுக்கப்போகிறேன். அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#16 கட்டுமானி

நிரல் எடிட்டரை ஃபிளாட்பேக்கில் போடாதீர்கள். சாண்ட்பாக்ஸுக்குள் இருந்து பார்த்தால் உங்கள் சிஸ்டத்தின் பைத்தான், கிட், கம்பைலர் எதுவும் தெரியாது. ரன்டைமில் இருக்கும் பைத்தானை உங்களுடையது என்று காட்டிக் குழப்பும். வெளியிடுபவரின் டெப் ரெப்போவைச் சேர்த்து அதிலிருந்து எடுங்கள். அது எடிட்டர் ஒன்றை மட்டும் தருகிறது, சிஸ்டம் லைப்ரரிகளைத் தொடுவதில்லை, அதனால் பிபிஏ பயம் இங்கே இல்லை.

பைத்தானுக்கு: டெபியன் 12-இலிருந்தே சிஸ்டம் பைத்தானுக்குள் பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப் நேரடியாக நிறுவ மறுக்கும். அதை மீறும் விருப்பத்தை எங்காவது பார்த்தால் போடாதீர்கள், டெபியனின் சொந்தக் கருவிகள் பலவும் அந்தப் பைத்தானில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்). புதிய பைத்தான் வேண்டும் என்றால் டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவியில் ஒரு ஃபெடோரா கன்டெய்னரைத் திறந்து அங்கே ஓட்டலாம், அடித்தளத்துக்குத் தெரியவே தெரியாது.

என்விடியாவில் ஒன்று இருக்கிறது. ஃபிளாட்பேக் ஆப் உங்கள் சிஸ்டத்தின் டிரைவர் லைப்ரரிகளைப் பார்ப்பதில்லை, அதற்கென்று ஓர் எக்ஸ்டென்ஷன் தனியாக நிறுவப்படும். அதன் பதிப்பு எண், ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஆப்ட் டிரைவரைப் புதுப்பித்தபின் ஃபிளாட்பேக் அப்டேட் செய்யாமல் விட்டால் கேடென்லைவ் திறக்கும், ஆனால் கிராபிக்ஸ் அட்டையை விட்டுவிட்டு சிபியூவில் ஊர்ந்துகொண்டிருக்கும். எனவே முதலில் ஆப்ட், பிறகு ரீபூட், அதன்பின் ஃபிளாட்பேக் அப்டேட். பழைய எக்ஸ்டென்ஷன்கள் வட்டில் சேர்ந்துகொண்டே போனால் அன்இன்ஸ்டால் கட்டளையில் அன்யூஸ்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்து அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.